பாவனையில் இல்லாத அடுப்பு

பெரிய சனிக்கிழமை காலையில் தேயிலைத் தோட்டத்துக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டீமேக்கர் வீட்டுச் சமையலறையில் இருக்கும் டோவர் இரும்பு அடுப்பு பாவனையில் இல்லாதபடியால், அடுத்த சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அது சின்ன துரையின் பங்களாவுக்கு மாற்றப்படும் என்று அதில் இருந்தது. அடியில் தோட்ட நிர்வாகியான பெரிய துரையின் கையெழுத்து.

மரியகொரட்டி அதை அடுப்பின் முன்னால் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். பாவனையில் இல்லாத அந்த அடுப்பின் வயிற்றுக்குள் மறுநாள் பண்டிகைக்கான கேக் முக்கால்வாசி வெந்திருந்தது.

"மதினி, கிளாக்கர் ஐயா நம்ம வீட்டுக்கு வந்தாரா?"

பின்கதவுப் படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த இருதயம்மா நிமிர்ந்து பார்த்தாள். கொரட்டியின் கணவன், தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் தேவதாசனுக்கு மூத்தவள். கணவன் இறந்தபின் தம்பியோடு வந்து இருப்பவள்.

"வந்தாரே. போன மாசம் நீ பதுளைக்கு அம்மாவப் பாக்கப் போயிருந்தப்ப. நாக்காலி எத்தனை, கட்டில் எத்தனைன்னு எண்ணி எழுதிக்கிட்டுப் போனாரு."

"அடுப்பப் பத்தி என்ன கேட்டாரு?"

"இதுல கறி சமைக்கிறதில்லையான்னு கேட்டாரு. இல்லைங்கன்னு சொன்னேன்."

"ஏன் மதினி அப்புடிச் சொன்னீங்க?"

"பின்ன எப்புடிச் சொல்லுவாங்க? தவசு காலத்துல எந்த வேதக்காரன் வீட்டுல கறி ஆக்குவான்? நாப்பது நாளும் நாம ஒழுங்கா இருக்கோமான்னு உளவு பாக்க வந்துட்டாராக்கும்னு நெனச்சேன். ஒரு துண்டு கெடையாதுங்க, வேணும்னா மூடியத் தொறந்து பாருங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

கொரட்டிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பெரிய கிளாக்கர் சிவசுப்பிரமணியம் யாழ்ப்பாணத்தார். அவருக்குச் சோற்றின்மேல் விடுவதெல்லாம் கறி. கத்தரிக்காயும் கறி, பருப்பும் கறி. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவரின் பேத்தியான இருதயம்மாவுக்குக் கறி என்றால் இறைச்சி ஒன்றுதான். அவர் சமையல் நடக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இவள் விரதம் முறியவில்லை என்று பதில் சொல்லியிருக்கிறாள். அவர் அதைப் பதிந்துகொண்டு போய்விட்டார்.

கையெழுத்தை மறுபடி பார்த்ததும் சிரிப்பு நின்றது.

கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்து எட்டு மாதம். அதற்கு முன் கொழும்பில் இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கி, பதுளையில் ஒரு பெண்கள் பாடசாலையில் இரண்டு வருடம் படிப்பித்தவள். பெரகலச் சந்திக்கு மேலே நான்கு மைல் மலையேறினால் வரும் இந்த வீட்டிலிருந்து தினம் பதுளைக்குப் போய்வர வழியில்லை. வேலையை விட்டாள். வந்த முதல் வாரம் பேச ஆளில்லை. ஆள் இருந்திருந்தாலும் அவள் அதிகம் பேசியிருக்க மாட்டாள். இரண்டாம் வாரம் அடுப்பைத் திறந்தாள். உள்ளே எலிக்கூடும் பழைய பத்திரிகைகளும் இருந்தன. ஒரு நாள் முழுக்கச் சுரண்டிக் கழுவி, புகைபோக்கியில் ஒரு சாக்கு நிறையக் கரி எடுத்தாள்.

அதன்பின் ஒரு கொப்பி போட்டாள். எத்தனை விறகு, காற்றுத் தகடு எவ்வளவு திறந்திருந்தது, தகர மூடியில் தூவிய கோதுமை மா எத்தனை நிமிடத்தில் சிவந்தது என்று தேதி போட்டு எழுதினாள். மேல்தட்டு, கீழ்த்தட்டு, நான்கு மூலைகள், மழை நாள், வெயில் நாள். கொப்பியில் நூற்றுப் பதிமூன்று குறிப்புகள் சேர்ந்திருந்தன. ஆய்வுகூடத்தை விட்டு வந்தவளுக்கு இந்த மலையில் கையில் கிடைத்த ஒரே கருவி அதுதான். அதைப் பன்னிரண்டு மணிக்குத் தூக்கிக்கொண்டு போவார்களாம்.

நேரில் போய்ப் பேச அவளுக்குக் கூச்சம். கிளாக்கருக்கு ஒரு கடிதம் எழுதி, நடந்த குழப்பத்தை நாலு வரியில் விளக்கினாள். பொடியெழுத்தில் பதில் வந்தது. 'பிள்ளை, நடந்தது எனக்கு விளங்குது. வாசிச்சுச் சிரிச்சன். ஆனால் பெரிய துரை கையெழுத்து வைச்சதை நான் வெட்ட ஏலாது. அவர் கொழும்புக்குப் போயிட்டார். அடுப்பு வேண்டாம் எண்டு சின்ன துரை சொன்னால் மட்டும் மாத்தலாம்.'

"நான் வேணும்னா சின்ன துரைகிட்டப் பேசட்டுமா?" என்றான் தேவதாசன்.

"பேசினா என்ன சொல்லுவாரு?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "பாப்பம்னு சொல்லுவாரு."

"அப்ப வேண்டாங்க."

*

உயிர்த்த ஞாயிறுக்குத் தொழிலாளர் லயத்தில் பன்றி அடித்துப் பங்கு போட்டார்கள். தேவதாசன் தொழிற்சாலையிலிருந்து பிந்தி வந்ததால், அவனுக்கு மிஞ்சியது விலா எலும்பு மட்டும். இரண்டு பட்டை. கொழுப்பும் சதையும் முன்னாலேயே போய்விட்டன. இருதயம்மா அதைத் தூக்கிப் பார்த்து, "நாய்க்குப் பண்டிகைதான்" என்றாள்.

கொரட்டிக்கு ஒரு படம் ஞாபகம் வந்தது. பாடசாலை நூலகத்தில் கழித்துப்போட்ட அமெரிக்கப் பத்திரிகை ஒன்றை அவள் கொண்டுவந்திருந்தாள். அதில் ஒரு முழுப்பக்கத்துக்குப் பன்றி விலா. பளபளவென்று செம்பழுப்பு நிறம். ஓவனில் வைத்து வீட்டிலேயே செய்கிற பார்பிகியூவாம். இனிப்பும் புளிப்பும் உறைப்புமாக ஒரு குழம்பு பூசி, மெதுவான சூட்டில் மூன்று மணித்தியாலம் வைக்கவேண்டும் என்று போட்டிருந்தது. எத்தனை டிகிரி என்று போடவில்லை.

அன்று பூசை முடிந்து வீடு வரப் பதினொரு மணியாகிவிட்டது. பசி. சூடு பத்துப் பாகை கூடினால் இரசாயன வேகம் இரட்டிக்கும் என்று படித்தவள் அவள். கூடின சூட்டில் ஒன்றரை மணித்தியாலம் போதாதா? கவ்வாத்தில் வெட்டிப்போட்ட காய்ந்த தேயிலைக் குச்சி, மிலாறு, ஒரு கட்டு கிடந்தது. அதை அடைத்து எரித்தாள். மிலாறு வெடித்து எரிந்தது. அடுப்பு கணகணவென்றது.

வெளியே எடுத்தபோது நிறம் என்னவோ படத்தைப்போலத்தான் இருந்தது. கொஞ்சம் கறுப்பு அதிகம். இருதயம்மா ஒரு எலும்பைப் பிடித்துக் கடித்து இழுத்தாள். விட்டுவிட்டு மறுபக்கம் இழுத்தாள்.

"கொரட்டி, இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்தா ஏதோ ஒண்ணு கையோட வந்துரும். அது என் பல்லாத்தான் இருக்கும்."

தேவதாசன் ஒரு துண்டை மென்றான். வெகுநேரம் மென்றான். பிறகு எலும்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"ட்ரையர்ல எடுத்த எடுப்புலயே சூட்டைக் கூட்டிட்டா தேயிலைக்கும் இதே கதிதான். வெளித்தோல் காஞ்சு இறுகிரும். உள்ள ஈரம் வெளிய வர வழியில்லாம அடைபட்டுக் கெடக்கும். கேஸ்-ஹார்டன்னு சொல்லுவோம். பாக்க அருமையா இருக்கும். பெட்டியில அடைச்சா ரெண்டு மாசத்துல பூஞ்சணம்."

"அத எப்புடிச் சரி பண்ணுவீங்க?"

"அதச் சரி பண்ண முடியாது. அடுத்த ஈட்டுக்குச் சூட்டைக் கொறைக்கணும்."

அவள் கொப்பியை எடுத்து வந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து எழுதத் தொடங்கினாள். தசைநார்களைப் பிணைத்திருக்கும் சவ்வு சூட்டில் முதலில் சுருங்கும். ஈரமும் நேரமும் கொடுத்தால்தான் அது இளகிக் கூழாகும். தச்சுவேலைக்காரர் தோலையும் எலும்பையும் காய்ச்சி வச்சிரப் பசை எடுப்பதும் இப்படித்தான். அவசரப்படுத்தினால் வச்சிரம் வராது, தோல்தான் கருகும். இதெல்லாம் அவளுக்குத் தெரிந்த விஷயம். பசியில் மறந்துவிட்டாள்.

எழுதி முடித்ததும் நிமிர்ந்தாள்.

"சனிக்கிழமை சின்ன துரைக்கு நம்ம வீட்டுல சாப்பாடு."

"என்ன சாப்பாடு?" என்றான் தேவதாசன்.

"இதுதான்."

இருதயம்மா கையிலிருந்த எலும்பைப் பார்த்தாள். "அடுப்ப எடுக்க வர்றவரப் பழிவாங்கணும்னு முடிவே பண்ணிட்டியா?"

"சோறும் கொழம்பும் மூணு கல்லு வச்ச அடுப்புலயும் ஆகும், மதினி. அதப் பாத்தா இந்த அடுப்பு எதுக்குன்னுதான் கேப்பாரு. நாலு பக்கமும் ஒரே சூட்டுல மூணு மணித்தியாலம் இருக்க வேண்டியது இது ஒண்ணுதான். அடுப்பு பாவனையில இருக்குன்னு அவரே வந்து பாக்கட்டும்."

அவள் இவ்வளவு பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. தேவதாசன் மட்டும் மெல்ல, "ட்ரையர் தெர்மாமீட்டர் ஒண்ணு மேலதிகமா இருக்கு. முன்னூறு டிகிரி பாரன்ஹீட் வரைக்கும் காட்டும்" என்றான்.

*

வெள்ளிக்கிழமை பெரகலக் கடையிலிருந்து மூன்று பட்டை விலா வந்தது. இருதயம்மா அதைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக்குள்ள கறியா?"

"தொடத்தான் போறேன் மதினி. திங்கப் போறதில்ல."

எலும்புப் பக்கத்தில் ஒட்டியிருந்த மெல்லிய தோலைக் கத்தி முனையால் நெம்பி, ஈரத்துணியால் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தாள். போன தடவை இதை விட்டிருந்தாள். உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், நசுக்கிய பூண்டு, கொஞ்சம் சர்க்கரை எல்லாவற்றையும் பிசறித் தேய்த்துத் தட்டில் அடுக்கினாள். மலைக்குளிரில் அது விடியும்வரை கெடாது.

பிறகு குழம்பு. வெலிமடைத் தக்காளியைத் தோலுரித்து மசித்து, வெங்காயம் வதக்கி, கித்துள் மரத்துச் சர்க்கரைப் பாணியும் தென்னை வினாகிரியும் அரைத்த கடுகும் சேர்த்து, கரண்டியின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்வரை வற்ற வைத்தாள்.

தட்டை மூட என்ன வழி என்ற கேள்வி வந்தபோது இருதயம்மா ஒரு யோசனை சொன்னாள். "தேயிலைப் பெட்டிக்குள்ள விரிக்கிற ஈயத்தாள் இருக்குல்ல. தம்பியக் கொண்டாரச் சொல்லு. காத்தே போகாது."

"வேண்டாம் மதினி. நெசமாவே ஈயமா இருந்தா வினாகிரி பட்டு நஞ்சாகிரும்."

"இப்ப வர்றது ஈயமில்லையாம். அலுமினியமாம்."

"பாத்துச் சொல்ல முடியுமா உங்களால?"

இருதயம்மாவால் முடியாது. கொரட்டியாலும் முடியாது. ஆகவே வாழையிலையை வாட்டி மூடி, அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றிக் கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டுவது என்று முடிவாயிற்று.

*

சனிக்கிழமை ஏழு மணிக்கு அடுப்பு மூட்டினாள். மிலாறு பற்றவைக்க மட்டும். பற்றியதும் கனமான கட்டை இரண்டு வைத்து, காற்றுத் தகட்டை மூன்றில் ஒரு பங்குக்கு மூடினாள். எட்டரைக்குத் தெர்மாமீட்டர் இருநூற்றைம்பதில் நின்றது. தட்டின் அடியில் அரைக் கோப்பைத் தண்ணீரும் இரண்டு கரண்டி வினாகிரியும் விட்டு, மூடி, மா ஒட்டி, நடுத்தட்டில் தள்ளினாள். கதவைத் திறந்து பார்க்கும் ஒவ்வொரு தடவையும் முப்பது பாகை விழும் என்று கொப்பி சொன்னது. ஆகவே அரைமணிக்கு ஒரு தடவைதான் திறப்பது.

பத்தரைக்கு வாசலில் செருமல் கேட்டது. கிளாக்கர் சிவசுப்பிரமணியம் குடையோடு நின்றார். பின்னால் கயிறும் இரண்டு நீளக் கழிகளுமாக நாலு பேர். அவர்களோடு சின்ன துரையின் கோக்கி, சமையற்காரன் அழகர்.

"பிள்ளை, மத்தியானம் மழை வரும் போலக் கிடக்கு. அதுதான் வெள்ளெனவே வந்திட்டம். உந்த நெருப்பை அணைச்சு விடுங்கோவன்."

மற்ற நாளாயிருந்தால் கொரட்டி தலையாட்டிவிட்டு உள்ளே போய் அழுதிருப்பாள். ஆனால் இப்போது அவள் ஒரு நேரக்கணக்கின் நடுவில் இருந்தாள்.

"இன்னும் ஒரு மணி நாப்பது நிமிஷம் ஆகுங்க ஐயா."

"என்னத்துக்கு?"

"வேக."

கிளாக்கர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். அதன் கதவிடுக்கில் தெரிந்த தெர்மாமீட்டர்க் கயிற்றையும் மேசையில் விரித்திருந்த கொப்பியையும் பார்த்தார்.

"அணைச்சாலும் இரும்பு ஆற நாலு மணித்தியாலம் வேணுங்க," என்றாள் கொரட்டி. "இந்த ஆளுங்க கை வெந்துரும்."

நாலு பேரும் ஒரே நேரத்தில் கழிகளைக் கீழே வைத்தார்கள்.

"அப்ப துரைக்கு நான் என்ன சொல்லுறது?"

"பன்னெண்டே காலுக்கு இங்க சாப்பிட வரச் சொல்லுங்க."

சிவசுப்பிரமணியம் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு துண்டில் எழுதி, நாலு பேரில் ஒருவனிடம் கொடுத்தனுப்பினார். தான் முன்னறையில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார். "எனக்குச் சைவம். அதாலை பயமில்லாமல் இருக்கலாம்," என்றார்.

பின்படியில் அழகர் இருதயம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தான்.

"யக்கா, எனக்கு அந்த இரும்புப் பேய் வேண்டவே வேண்டாம். இருக்குற அடுப்புல ஊதி ஊதிச் சமைக்கிறேன். போதும். இவரு எங்கேயோ கப்பல்ல தின்னாராம். அது வேணும் இது வேணும்னு தெனம் ஒரு பாட்டு."

"நேத்து என்ன போட்ட?"

"ரோஸ்ட்டு."

"எப்புடி?"

"சட்டியில வச்சு மூடுனேன். துரை கத்தியப் போட்டுட்டுக் கையால எடுத்தாரு. அப்பறம் கையையும் கழுவிட்டாரு."

பதினொன்றரைக்குக் கொரட்டி தட்டை வெளியே எடுத்து, இறுகிப்போன மாவை உடைத்தாள். வாழையிலை பழுப்பாகிச் சுருண்டிருந்தது. ஒரு பட்டையை நடுவில் இடுக்கியால் தூக்கினாள். இரு பக்கமும் தளர்ந்து வளைந்தது. எலும்பு முனைகள் அரை அங்குலம் வெளியே தெரிந்தன. சதை உள்வாங்கியிருந்தது. சிறு குச்சியால் குத்தினாள். தடையில்லாமல் இறங்கியது.

இப்போதுதான் சூடு வேண்டும். காற்றுத் தகட்டை முழுக்கத் திறந்து ஒரு பிடி மிலாறு போட்டாள். மூடியில்லாமல், குழம்பைத் தடவிப் பத்து நிமிடம். மறுபடி தடவிப் பத்து நிமிடம். மூன்றாம் தடவை. தெர்மாமீட்டரை வெளியே எடுத்து வைத்துவிட்டாள். அதன் எல்லைக்கு மேலே போகிற சூட்டுக்கு மாவுக் கணக்கு போதும். வீடு முழுக்கப் பாணியும் பூண்டும் கலந்த வாசம் எழுந்தது. முன்னறையில் கிளாக்கர் மேற்துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

சின்ன துரை ஸ்ரீஸ்கந்தராஜா பன்னிரண்டுக்கே வந்துவிட்டார். முப்பது வயதிருக்கும். அரைக்காற்சட்டை, முழங்கால்வரை சேறு. அடுப்பு ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் வந்தார். வாசலைத் தாண்டியதும் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்.

"மிஸ்ஸிஸ் தேவதாசன், இது என்ன?"

"பன்றி விலாங்க சேர். இன்னும் பத்து நிமிஷம். வெட்டுறதுக்கு முன்ன ஆறணும்."

அவர் அந்தப் பத்து நிமிடமும் மேசையில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவதாசனும் தொழிற்சாலையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கொரட்டி எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே வெட்டிப் பரிமாறினாள். துரை கத்தியை எடுத்தார். கத்தியை வைத்தார். கையால் எடுத்துக் கடித்தார். எலும்பு சுத்தமாக வெளியே வந்தது.

ஆறு எலும்பு முடிந்தபின்தான் அவர் தலை நிமிர்ந்தார்.

"சிவசுப்பிரமணியம்," என்றார் முன்னறையைப் பார்த்து. "அந்தப் பட்டியலிலை இந்த அடுப்பு பாவனையிலை இல்லை எண்டு ஆர் எழுதினது?"

"நான்தான் சேர். ஒரு பிழை நடந்து போச்சு."

"பெரிய பிழை."

கொரட்டி மூச்சுவிட்டாள்.

"ஏனெண்டால், இந்த அடுப்பு இப்பிடிச் செய்யும் எண்டு தெரிஞ்சிருந்தால் போன மாசமே எடுத்திருப்பன். அழகர், வடிவாப் பார்த்தியோ? இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் இதுதான். இப்ப தூக்கேலாட்டில் பின்னேரம் தூக்கட்டும்."

அழகர் கதவுக்குப் பின்னால் முகத்தை இழுத்துக்கொண்டான். தேவதாசன் வாயில் வைத்த எலும்பை எடுத்துத் தட்டில் வைத்தான்.

 இதைக் கொரட்டி கணக்கில் எடுக்கவில்லை. சமையல் நன்றாக வராமல் போனால் என்ன செய்வது என்று யோசித்திருந்தாள். நன்றாக வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவேயில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கொப்பியை எடுத்து வந்து, துரையின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அடுப்போட இதையும் எடுத்துக்குங்க சேர்."

"என்ன இது?"

"அடுப்போட பழக்கம். வலது பக்கம் பின்மூலை நாப்பது டிகிரி கூட. மழை நாள்ல காத்துத் தகடு கால்வாசி அதிகமாத் தொறக்கணும். மிலாறு போட்டா இருவது நிமிஷத்துல தாவும். கட்ட போட்டா மெதுவா ஏறும். எல்லாம் எழுதியிருக்கு. நூத்திப் பதினாலு அளவு."

அவர் விரலை நக்கித் துடைத்துவிட்டுப் பக்கங்களைப் புரட்டினார். "நல்லதாப் போச்சு. அழகருக்கு வாசிச்சுக் காட்டலாம்."

"காட்டலாம். ஆனா அங்க இது ஒண்ணும் உதவாதுங்க."

"ஏன்?"

"நெருப்ப இழுக்கிறது அடுப்பு இல்லைங்க, புகைபோக்கி. இந்தக் கூரைக்குப் பதினாலு அடி. பள்ளத்துல இருக்கிற வீடு. உங்க பங்களா மேட்டுல, காத்து நேரா அடிக்கும். இழுப்பு மாறினா எல்லா அளவும் மாறும். முதல்லேருந்து திரும்பவும் மா தூவிப் பாக்கணும்."

"அதுக்கு எவ்வளவு காலம் பிடிக்கும்?"

"எனக்கு எட்டு மாசம் பிடிச்சுது சேர்." அவள் அழகர் நின்ற கதவைப் பார்த்தாள். "நான் கெட்டிக்காரி. அழகருக்கு எவ்வளவுன்னு சொல்லத் தெரியல."

முன்னறையில் தேத்தண்ணி புரைக்கேறுகிற சத்தம் கேட்டது.

"அம்மா சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க துரை," என்றான் அழகர் கதவுக்குப் பின்னாலிருந்து, அவசரமாக. "எனக்குச் சரக்கு அவ்வளவு பத்தாதுங்க."

ஸ்ரீஸ்கந்தராஜா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொப்பியின் ஒரு பக்கத்தை உண்மையாகவே வாசித்தார். போன ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பு. 'அதிக சூடு. தோல்வி. மதினியின் பல் தப்பியது.' அவர் அதை இரண்டு தடவை வாசித்தார் என்று கொரட்டிக்குப் பட்டது. தட்டில் இன்னும் நாலு எலும்பு இருந்தது. அவர் அதையும் பார்த்தார்.

"அப்ப அடுப்பை அங்கை கொண்டுபோனால் எட்டு மாசத்துக்கு நான் தோல் தின்ன வேணும்."

"ஆமாங்க."

"இஞ்சை இருந்தால்?"

"சனிக்கிழமை பன்னெண்டே காலுக்கு ஆள் அனுப்புங்க. மூடின தட்டுல சூடாக் குடுத்து விடுறேன். விலா முதல் நாளே உங்க வீட்டுலேருந்து வந்துரணும்."

"வெள்ளிக்கிழமைன்னா மதியத்துக்குள்ள அனுப்புங்க," என்றாள் இருதயம்மா பின்னாலிருந்து. "பொழுது சாஞ்சா நான் உள்ள விடமாட்டேன்."

துரை ஏழாவது எலும்பை எடுத்தார். "சிவசுப்பிரமணியம், அந்தக் கடதாசியை வெட்டுங்கோ. அடுப்பு எனக்குத் தேவையில்லை எண்டு நான் எழுதித் தாறன். பெரிய துரை வந்தால் நானே சொல்லுறன்."

"ஓம் சேர்." கிளாக்கர் ஏற்கெனவே பென்சிலோடு வாசலில் நின்றார். வெட்டிய இடத்தில் துரையின் சுருக்கக் கையெழுத்தை வாங்கினார். அதில் ஒரு பழுப்பு விரல் அடையாளமும் விழுந்தது. அவர் அதை ஊதிக் காயவைத்து, இறைச்சி பட்ட கடதாசியை நுனியில் பிடித்துக் கோப்புக்குள் வைத்தார்.

வெளியே கழியோடு வந்த நாலு பேருக்கும் இருதயம்மா சோறு போட்டு, ஆளுக்கு ஒரு எலும்பு வைத்தாள். "அப்ப நாங்க எதத் தூக்குறதுங்க?" என்று ஒருவன் கேட்டான். "வயித்தத் தூக்கிட்டுப் போங்கப்பா," என்றாள்.

எல்லோரும் போனபின் மழை பிடித்தது. தேவதாசன் தொழிற்சாலைக்குத் திரும்பியிருந்தான். கொரட்டி காற்றுத் தகட்டை மூடி, கட்டையைத் தணலுக்குள் தள்ளிவிட்டு, அடுப்புக்குப் பக்கத்திலேயே முக்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. தட்டில் ஒரு எலும்பு மிஞ்சியிருந்தது. அதை எடுத்துக் கடித்தாள். சதை பல்லில் நிற்காமல் பிரிந்தது. பாணியின் இனிப்பு, வினாகிரி, பின்னால் மிளகு.

மெதுவாக மென்று விழுங்கினாள். பிறகு கொப்பியைத் திறந்து நூற்றுப் பதினைந்தாவது குறிப்பை எழுதினாள்.

'இருநூற்றைம்பது, மூன்று மணித்தியாலம், மூடி. பிறகு திறந்து முப்பது நிமிடம். சரி. உப்பு ஒரு சிட்டிகை குறைவு. யாரும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை கூட்ட வேண்டும்.'